பயம் பிள்ளையைப் பார்த்தா, ஊரைப் பார்த்தா?

தன் பாலினத்தவர் மீதே வரும் ஈர்ப்பான தன்பாலீர்ப்பு பற்றி போன இதழில் வந்த சிறு குறிப்பில், அப்படிப்பட்டவர்கள் மீதான வெறுப்பைக் குறிக்கும் ‘ஹோமோஃபோபியா’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தோம். அதையொட்டி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, மனநலமும் சட்டமும் அறிந்த எங்கள் குழு இங்கே பதில் தருகிறது. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: ‘ஃபோபியா’ என்றால் அச்ச நோய். எனக்கு இவர்களைக் கண்டு பயமில்லை, ஒப்புதல் இல்லை, அவ்வளவுதான். ஒப்பாதவர்களை எல்லாம் நோயாளி என்று சொல்வது நியாயமா? தமிழில் இதற்கு என்ன சொல்?
— தமிழாசிரியர், வாடிப்பட்டி

பதில்: உங்கள் மறுப்பில் பாதி சரி. உளவியலாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். பல்லியைக் கண்டு மிரளும் அச்ச நோய் உள்ளவரை நினைத்துப் பாருங்கள். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், அந்த அறைக்குள்ளேயே போகமாட்டார். அது வேண்டாத பயம் என்று அவருக்கே தெரியும், விட்டுத் தொலைத்தால் போதும் என்றும் நினைப்பார். தன்பாலீர்ப்பாளரை வெறுப்பவர் அப்படி இல்லை. விலகி ஓடாமல் நெருங்கி வந்து ஏசுகிறார், அடிக்கிறார், வேலையை விட்டு நிறுத்துகிறார். அவரிடம் இருப்பது கோபமும் அருவருப்பும். தான் செய்வதுதான் சரி என்ற உறுதியும் இருக்கிறது. மருத்துவ அர்த்தத்தில் இது ஃபோபியா இல்லை. அதனால்தான் கிரெகரி ஹெரெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000இல் இதைப் ‘பாலியல் தப்பெண்ணம்’ என்று சொல்லலாம் என்றார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் 2012இல் ‘ஹோமோஃபோபியா’வைத் தவிர்க்கும்படி தன் எழுத்தாளர்களுக்குச் சொன்னது. ஒருவர் மனதுக்குள் இருப்பது பயம்தான் என்று செய்தியாளர் எப்படித் தீர்மானிக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி.

மீதிப் பாதியையும் பார்க்க வேண்டும். ஜார்ஜ் வெயின்பெர்க் என்ற உளவியலாளர் 1960களில் இந்தச் சொல்லை உருவாக்கினார். 1969இல் அச்சில் வந்தது, 1972இல் வெளியான அவருடைய நூல் வழியாகப் பரவியது. அப்போது அமெரிக்க மனநல மருத்துவத்தின் நோய்ப் பட்டியலில் தன்பாலீர்ப்பும் ஒன்று. எல்லோரும் ‘இவர்களுக்கு என்ன கோளாறு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, ‘இவர்கள் பக்கத்தில் உட்காரவே முடியாதவர்களுக்கு என்ன கோளாறு?’ என்று அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். சொல்லின் வலு அந்தத் திருப்பத்தில் இருந்தது. நோயியல் துல்லியத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை.

எங்கள் கருத்து இது. நம் பக்கத்து வீடுகளில் அச்சம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் அது பிள்ளையைப் பார்த்து வரும் அச்சம் இல்லை. மகன் சொன்னதைக் கேட்ட அம்மாவுக்கு முதலில் கண்முன் வருவது நாத்தனார் வீட்டு வாசல், பத்திரிகை வைக்க வரும் பங்காளி, அடுத்து கட்டிக்கொடுக்க வேண்டிய சின்னவள். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்ற அந்தப் பயத்துக்கும், தெருவில் ஒருவனை மடக்கி அடிப்பவனின் வெறுப்புக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது. முதலாவதை ஊரச்சம் என்றும் இரண்டாவதைத் தன்பாலீர்ப்பு வெறுப்பு என்றும் தனித்தனியாகச் சொல்லலாம். உங்களைப்போல் ‘ஒப்புதல் இல்லை’ என்பவரை நாங்கள் நோயாளி என்று சொல்லமாட்டோம். வயிற்றுக்குள் ஒரு நெருடல் இருப்பது குற்றமில்லை. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் இருந்தால் அவனை எப்படி நடத்துவீர்கள் என்பதைத்தான் கேட்போம்.

சொல்லைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ‘இனம்’ இங்கே பொருந்தவில்லை. ‘சேர்க்கை’ ஒரு மனிதரின் அன்பு, ஏக்கம், துணை எல்லாவற்றையும் ஒரு செயலாகச் சுருக்குகிறது, ‘கூடாச் சேர்க்கை’யின் வாடையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன்பாலீர்ப்பு என்பது ஈர்ப்பைச் சொல்கிறது. யாரையும் தொடாமல் வாழ்கிறவருக்கும் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022இல் இப்படியான மரியாதைச் சொற்களின் பட்டியலையே வெளியிட்டது. ஆங்கிலத்தில் ‘குயர்’ என்பதற்கு அகராதிப் பொருள் ‘விநோதமான’. அதைப் பயன்படுத்தத் தங்களுக்கே ஒரு தயக்கம் இருப்பதாக 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: மகனுக்கு 26 வயது, கோவையில் வேலை. பெண் பார்க்க ஆரம்பித்ததும் ‘எனக்கு ஆண்கள் மேலதான்ப்பா ஈர்ப்பு’ என்று சொல்லிவிட்டான். ஊசி, மாத்திரை ஏதும் உண்டா? ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் அண்ணன்.
— ஒரு தந்தை, மேலூர்

பதில்: ஐயா, மருந்து கிடையாது. இது நோயே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973இல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018இல் இது மனநோய் அல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியிருக்கிறது. அதாவது அப்படிச் சொல்லும் மருத்துவர் மீது நீங்கள் புகார் கொடுக்கலாம்.

ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்மை ஊசி என்று டெஸ்டோஸ்டிரோன் போடுவார்கள். அது ஈர்ப்பின் திசையை மாற்றாது. வெளியிலிருந்து ஹார்மோன் வருவதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு எண்ணிக்கை சரியும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளைக் கொடுப்பார்கள். பிள்ளை நாளெல்லாம் தூங்குவான், எடை கூடும், கை நடுங்கும், உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாமல் தவிப்பான். அவன் சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்த்து வீட்டில் ‘குணமாகிவிட்டது’ என்று நினைப்பார்கள். அது மாத்திரையின் மயக்கம். படத்தைக் காட்டிக் கையில் மின்சாரம் வைக்கும் முறையும் ஒரு காலத்தில் இருந்தது. அதில் போனவர்களுக்கு யார் தொட்டாலும் உடல் விறைக்கும் பயமும் மனச்சோர்வும்தான் மிஞ்சின. கோடாங்கியிடம் கொண்டுபோய்ப் பட்டினி போட்டு வேப்பிலையால் அடிப்பதிலும் இதே கதைதான்.

கல்யாண யோசனை இன்னும் மோசமானது, ஏனென்றால் அங்கே இன்னொரு வீட்டுப் பெண்ணும் வருகிறாள். முதல் சில மாதம் ‘கூச்சம்’ என்பார்கள். பிறகு ‘என்கிட்ட என்ன குறை’ என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். ஒரு வருடத்தில் குழந்தையின்மை மருத்துவரிடம் அவளைத்தான் முதலில் அழைத்துப்போவார்கள். உண்மை தெரிந்த பிறகு, மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று சொல்லி இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் அவள் வழக்குப் போடலாம். தெரிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது விதி. உங்கள் அண்ணன் அன்றைக்கு நீதிமன்றப் படியேற வரமாட்டார்.

இந்த வாரமே செய்யக்கூடியது இருக்கிறது. மகனுக்கு நீங்களே போன் போடுங்கள். அவன் அதைச் சொன்ன பிறகு உங்களிடமிருந்து வரும் முதல் போன் அவனுக்குப் பெரிய விஷயம். ‘சாப்பிட்டியா, தூங்குறியா, ஊருக்கு எப்ப வர்றே’ — இது போதும். ‘எத்தனை நாளா’, ‘யார் கெடுத்தது’ என்று கேட்காதீர்கள். யாரும் கெடுக்கவில்லை, வளர்ப்பிலும் தவறில்லை. உங்களுக்கு ஆறுதல் தேவைப்பட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசலாம், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். மனநல மருத்துவரிடம் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள்: இதை நோயாகப் பார்க்கிறீர்களா? மாற்ற முடியும் என்கிறீர்களா? மகன் சொல்வதை எங்களிடம் சொல்லிவிடுவீர்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று சொன்னால் மட்டும் போங்கள். அவன் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவே போதும். அங்கே பார்க்க வேண்டியது அவனுடைய மனச்சோர்வை.

கேள்வி: நானும் என் தோழியும் ஒருவரை ஒருவர் விரும்புகிறோம். இருவருக்கும் 21 வயது. வீட்டில் தெரிந்து போனைப் பிடுங்கிவிட்டார்கள். வெளியேறினால் போலீஸ் பிடித்து மறுபடி வீட்டில் விட்டுவிடுவார்களா?
— ஒரு வாசகி, செல்லூர்

பதில்: உங்களைப் போன்றவர்களைக் காக்கும் நீதிமன்ற உத்தரவு வந்ததில் உங்கள் ஊருக்குத்தான் முதல் பங்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் இதே நிலையில் சென்னைக்குப் போனார்கள், வீட்டார் இங்கே ‘மாயம்’ என்று புகார் கொடுத்தார்கள், பாதுகாப்புக் கேட்டு அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு அந்த வழக்கில்தான். தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று திறந்த மனதோடு சொல்லி, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார் அவர். மனப்பான்மை மாறுவதற்கு நாங்கள் அறிந்த மிக நேர்மையான சான்று அது.

அந்த உத்தரவின்படி, காணாமல்போனதாகப் புகார் வந்தவர்கள் 18 வயது நிறைந்தவர்கள், தங்கள் விருப்பத்தில் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடிக்க வேண்டும். தொல்லை தரக்கூடாது. 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியே இதற்காகச் சேர்க்கப்பட்டது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் இப்போது உங்களைத் தொடாது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தவர்களின் சம்மத உறவை அதிலிருந்து விடுவித்தது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை.

நடைமுறையில் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறோம். முதலாவது நகை. கழுத்தில் போட்டிருக்கும் சங்கிலியோடு போனால்கூட ‘திருடிக்கொண்டு போய்விட்டாள்’ என்று தனிப் புகார் வரும். கழற்றி வைத்துவிட்டு, வைத்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சான்றிதழ். ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டிசி, வங்கிப் புத்தகம் இல்லாமல் வெளியே போனவர்கள் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அலைந்து, கடைசியில் அதற்காகவே வீடு திரும்பி அடைபட்டிருக்கிறார்கள். மூன்றாவது வயது. இருவரில் ஒருவருக்கு 18 நிறைய ஒரு நாள் இருந்தாலும் போக்சோ, ஆள்கடத்தல் என்று வழக்கு மாறிவிடும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கிளம்பும் முன்பே, இருவரும் தனித்தனியாகக் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள்: பெயர், பிறந்த தேதி, சொந்த விருப்பத்தில் போகிறேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை, பாதுகாப்பு வேண்டும். வயதுச் சான்றின் நகலை இணைத்து மாநகரக் காவல் ஆணையருக்கும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதை விடாதீர்கள். வாக்குமூலம் கொடுக்கப் போகும்போது வழக்கறிஞரோடு போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணும் இருக்கிறது. ஒருவரை வீட்டில் அடைத்துவிட்டால் மற்றவர் ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு (அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) போடலாம். ‘நீ யார் இந்த மனுவைப் போட’ என்று கேட்பார்கள். அதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2025 மே 22 தீர்ப்பு பதிலாக நிற்கும். வீட்டாரால் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவருடைய தோழி போட்ட மனு அது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள் நீதிபதிகள்.

திருமணப் பதிவு மட்டும் இப்போது நடக்காது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. பதிவு செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒன்பதாம் எண் வந்தால் பையன்கள் சிரிக்கிறார்கள். அந்த எண் உள்ள பையன் ‘உள்ளேன்’ சொல்லவே கூசுகிறான். இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா?
— ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: வேண்டும் டீச்சர். ‘ஒம்போது’ என்பது திருநங்கையரை இழிவுபடுத்தும் வசவு. பெண்மை கலந்த நடையோ குரலோ உள்ள எந்தப் பையன் மீதும் அதைத்தான் வீசுகிறார்கள். திருநங்கை என்பது தன்னை யாராக உணர்கிறார் என்பது, தன்பாலீர்ப்பு என்பது யார்மீது ஈர்ப்பு என்பது. இரண்டும் வேறு. வசவுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது. எண்ணை மாற்றிக் கொடுக்காதீர்கள், அது சிரித்தவர்களுக்கு வெற்றி, அடுத்தவனுக்குத் தண்டனை. எண்ணை விட்டுவிட்டு எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சிரிப்பு வந்த அந்த நிமிடமே, குரலை உயர்த்தாமல், ‘இந்த வகுப்பில் இந்தச் சொல் கிடையாது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். பாதிக்கப்பட்டவனை எழுப்பி நிறுத்தி அறிவுரை சொல்வதுதான் நாம் அடிக்கடி செய்யும் தவறு. அவனிடம் பிறகு தனியே பேசுங்கள். இடைவேளையில் அவன் கழிப்பறைக்குப் போகிறானா என்று கவனியுங்கள். போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான் என்றால் அங்கே ஏதோ நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்கும் ஒரு தகவல்: பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டிச் சீண்டுவதும் ராகிங் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் விதியில் சேர்த்திருக்கிறது. புகார் எண் 1800-180-5522.

கேள்வி: என் மதம் இதை ஏற்பதில்லை. நான் என்ன செய்ய?
— ஆரப்பாளையம்

பதில்: உங்கள் நம்பிக்கை உங்களுடையது, அரசியல் சாசனம் 25ஆம் பிரிவு அதைக் காக்கிறது. அதைப் பிரார்த்தனையில் வைத்திருங்கள், வாடகை ஒப்பந்தத்தில் வைக்காதீர்கள். தனியார் வீடு, தனியார் வேலை இவற்றில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. அதனால் உங்களைப் போன்ற ஒரு வீட்டுக்காரரின் மனச்சாட்சிதான் சிலருக்கு ஒரே பாதுகாப்பு.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்தானே?
— சோழவந்தான்

பதில்: அவன் கொண்டுவந்தது தண்டனையை. 377ஆம் பிரிவு 1860இல் மெக்காலேயின் வரைவிலிருந்து வந்தது. அதே சட்ட மனப்பான்மை அவர்கள் நாட்டையும் விடவில்லை. கணினி அறிவியலின் தந்தை என்று நம் பிள்ளைகள் படிக்கும் அலன் டூரிங்கின் தாயார் பிறந்தது நம் போத்தனூரில். டூரிங் ஓர் ஆணோடு உறவு வைத்திருந்ததற்காக 1952இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஏற்றினார்கள். 1954இல் 41 வயதில் இறந்துபோனார். மன்னிப்பு வந்தது 2013இல்.

கேள்வி: அதிகமாக வெறுப்பவர்களே உள்ளுக்குள் அப்படிப்பட்டவர்கள் என்கிறார்களே, உண்மையா?
— கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை வைத்துச் சொல்வது. அதில் இருந்தவர்கள் 64 ஆண்கள். அதை வைத்து உலகையே எடைபோட முடியாது. அதோடு, வெறுப்பவனைக் கேலி செய்ய ‘நீயும் அதுதான்’ என்று சொல்லும்போது, ‘அது’ கேவலம் என்பதை நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் நண்பனுக்கு அது குத்தும்.

கேள்வி: தம்பி எங்களிடம் சொல்லிவிட்டான், நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ‘உனக்கு எப்பப்பா கல்யாணம்’ என்று எல்லோரும் அவனை மொய்ப்பார்கள். எப்படிச் சமாளிப்பது?
— திருமங்கலம்

பதில்: யார் யாருக்குச் சொல்லலாம் என்பதை முதலில் தம்பியிடமே கேளுங்கள். அவன் சொல்லாத ஒருவருக்கு நீங்கள் சொல்லக்கூடாது, நல்லெண்ணத்தில்கூட. அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ 2014இல் கேட்டபோது, இதைச் சமூகம் ஏற்க வேண்டும் என்றவர்கள் இந்தியாவில் 15 சதவீதம், 2019இல் 37 சதவீதம். நாடு முழுக்க எடுத்த கணக்கு அது, உங்கள் பெரியப்பா எந்தப் பக்கம் என்று அதில் தெரியாது. ஆனால் மொய் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் ஒருவராவது நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமாக இருக்கலாம்.

அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள். பந்தியில் பரிமாற, வாசலில் வரவேற்க என்று கையில் ஒரு வேலை கொடுங்கள், உட்கார்ந்திருப்பவனைத்தான் மொய்ப்பார்கள். கேள்வி வந்தால் பதில் அவன் வாயிலிருந்து வர வேண்டாம், வீட்டுப் பெரியவர் வாயிலிருந்து வரட்டும். அப்பாவோ மாமாவோ ‘அவன் விஷயத்தை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க சாப்பிட்டீங்களா?’ என்று ஒரே வரியில் முடிக்கட்டும். பொய்யாக ‘ஜாதகம் பார்த்துக்கிட்டிருக்கோம்’ என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாளே இரண்டு ஜாதகம் வீடு தேடி வரும்.